பாப்பாவுக்கு மட்டும் திறக்கும் வாய்

தூக்க முடிந்துவிட்டது. அதுதான் தூரிகாவைக் கதிகலங்க வைத்தது.

குளியலறை வாசலில் சரிந்து கிடந்த அப்பாவைப் பார்த்ததும் கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிடத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கை முந்திக்கொண்டது. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள், அப்பா வந்துவிட்டார். துவைத்துப் பிழியாத போர்வை இதைவிடக் கனமாக இருந்திருக்கும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த திருமூர்த்தி, துணி ரோலை ஒற்றை ஆளாகத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து மேசைமேல் உருட்டிய மனிதர், பதினோராம் வகுப்புப் படிக்கும் மகளின் கையில் வெறும் சட்டை மாதிரித் தொங்கினார்.

“அப்பா... கண்ணத் தொறங்கப்பா. இங்க பாருங்க. அப்பா!”

கட்டிலில் கிடத்தினாள். கண் பாதி திறந்திருந்தது; பார்வை எதிலும் ஒட்டவில்லை. கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்பும் குழி பறித்துக்கொண்டு நின்றன. அவள் அடுக்களைக்கு ஓடி, சர்க்கரையைப் பாதி கீழே கொட்டி, மீதியைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு வந்தாள். தலையை நிமிர்த்திப் பிடித்துக் கரண்டியை உதட்டில் வைத்தாள். உதடு பூட்டிக்கொண்டது. மயக்கத்திலும் அவள் கை என்றால் பூட்டிக்கொள்கிற உதடு.

“ஒரு சொட்டுப்பா. ஒரே ஒரு சொட்டு. நாந்தானுங்கப்பா.”

“பாப்பா எங்க?” என்றார் அப்பா, யாரிடமோ.

சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடி உயரத்துக்கு வெள்ளையாக ஒரு கருவி இருந்தது. அதன் அடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு திருகு. அந்தத் திருகைக் கடைசிவரைக்கும் திருகிச் சத்தத்தை அடைத்து வைத்தது யார் என்று அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஓடிப்போய்க் கருவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து தலையணைப் பக்கத்தில் வைத்தாள். திருகினாள்.

“அப்பா! சங்கு ஊதிருச்சு. ஆ சொல்லு பாக்கலாம்.”

ஆறு வயசுக் குழந்தையின் குரல். முன்பல் விழுந்த சந்தில் காற்று புகுந்து புகுந்து வந்தது.

அப்பாவின் வாய் திறந்தது.

சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். “முழுங்குப்பா. சமத்து,” என்றது குரல். தொண்டை ஏறி இறங்கியது. செத்துப்போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் தூரிகாவின் நெஞ்சுக்குள் வேறொன்று சுருக்கென்று தைத்தது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அந்தக் குரலுக்கு மட்டும் வாயைத் திறந்துவிட்டாரே!

இத்தனைக்கும் அந்தக் குரல் தூரிகாவுடையதுதான்.

*

திருமூர்த்திக்கு அல்சைமர் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு ஐம்பதுகூட முடியவில்லை. முதலில் கம்பெனியில் பனியன் துணிக்குக் கழுத்து வெட்ட வேண்டிய இடத்தில் கை வெட்டினார். ஒரு முழு ஆர்டர் பாழானது. முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அப்புறம் சாப்பிட மறந்தார், சாப்பிட்டதை மறந்தார், ஒரு கட்டத்தில், தட்டில் சோறு இருந்தால் அதை என்ன செய்ய வேண்டும் என்பதையே மறந்தார். ஆனால் நடப்பதை மட்டும் மறக்கவில்லை. கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நாள் முழுக்க நடப்பார். இல்லாத மிஷினைப் பிடித்துக்கொண்டு இல்லாத துணியை வெட்டுவார். வயிற்றில் ஒன்றுமில்லாமல் உடம்பு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தது.

அரசுத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் உணவியல் நிபுணர் ரெஹானாதான் அந்தக் கருவியைக் கொண்டுவந்தாள்.

“அக்கா, இந்த நோவுல ஆளச் சாய்க்கிறது மறதி மட்டும் இல்லைங்க. எளைப்பு,” என்று தூரிகாவின் அம்மா பூங்கொடியிடம் சொன்னாள். “பசிக்குதுன்னு மூளை சொல்றதில்ல. சொன்னாலும் அதுக்கு என்ன பண்ணோணும்னு தெரியறதில்ல. வாயில வெச்சா மெல்லோணும், மென்னா முழுங்கோணும்னு ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக்கிட்டே இருக்கோணும். அதட்டக் கூடாது. அவசரப்படுத்தக் கூடாது. வேலைக்குப் போற வீட்ல அது முடியுமா?”

“அதுக்கு இது சொல்லுமா கண்ணு?”

“சொல்லும். ஆனா யார் கொரல்ல சொன்னா அவரு கேப்பாருன்னு மொதல்ல கண்டுபுடிக்கோணும்.”

“அத எப்படிக் கண்டுபுடிக்கறது? அவர்கிட்டக் கேட்டா ‘கம்பெனில சாப்பாட்டுச் சங்கு இன்னும் ஊதுல’ம்பாரு.”

“அவர்கிட்டக் கேக்க வேண்டா. எச்சிலக் கேக்கலாம்.” ரெஹானா திருமூர்த்தியின் கன்னத்துக்கு உட்பக்கம் மெல்லிய பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினாள். “ஒருத்தர் கொரலக் கேட்டு வாயில எச்சி ஊறுச்சுன்னா, அந்தக் கொரலுக்கு ஒடம்பு சோத்த எதிர்பாக்குதுன்னு அர்த்தம். மூளை யார மறந்தாலும் நாக்கு அவ்வளவு சீக்கிரம் மறக்கறதில்லைங்க.”

பழைய கைபேசிகளையெல்லாம் தோண்டியெடுத்தார்கள். கல்யாண வீடியோவில் இருந்த அவருடைய அம்மாவின் குரலைப் போட்டார்கள். கம்பெனி சிநேகிதர் குரலைப் போட்டார்கள். பூங்கொடியின் குரலைப் போட்டார்கள். அதற்கு அவர் மரியாதையாகச் சிரித்தார். பிளாஸ்திரி வறண்டே கிடந்தது. “செரி, அடுத்ததப் போடு கண்ணு,” என்று சொல்லிவிட்டுப் பூங்கொடி அடுக்களைக்குள் போனாள். தூரிகாவின் குரலைப் போட்டபோது, “டீச்சர் வந்திருக்காங்களா?” என்று எழுந்து நின்றார்.

கடைசியில் ஒரு வீடியோ கிடைத்தது. கம்பெனியில் மத்தியான இடைவேளை. அப்பாவின் கையெல்லாம் பஞ்சுத் தூசி, சாக்பீஸ் தூசி. ஸ்டூல்மேல் ஏறி நிற்கிற ஒரு குட்டிப் பெண் சோற்று உருண்டையை நீட்டுகிறாள். “அப்பா, கை அழுக்கு, தொடாத. சங்கு ஊதிருச்சு. ஆ சொல்லு.” அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறக்கிறார். சுற்றியிருக்கிற மிஷின்காரர்கள் சிரிக்கிறார்கள்.

வீடியோ முடிவதற்குள் பிளாஸ்திரி நனைந்துவிட்டது.

“ஐ, நானு! என்ற கொரலு!” என்று கூடத்தில் குதித்தவள் தூரிகாதான். அன்று முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை.

அந்தச் சில நிமிஷக் குரலை வைத்துக்கொண்டு கருவி புதுப்புது வாக்கியம் கட்டியது. வெள்ளைச் சோறு கண்ணுக்கு எடுப்பாகத் தெரியட்டும் என்று நீலத் தட்டு ஒன்றும் கூட வந்தது. தட்டுக்கு அடியில் தராசு. தட்டில் சோறு எவ்வளவு குறைந்தது என்பது ரெஹானாவுக்கும், கம்பெனியில் செக்கிங் பிரிவில் நிற்கும் பூங்கொடிக்கும் போய்விடும். கரண்டி பிடிக்கிற வேலையே வேண்டாம் என்று எல்லாவற்றையும் விரலால் எடுக்கிற அளவுக்கு உருண்டையாக்கச் சொன்னாள் ரெஹானா. நெய் விட்ட பருப்புச் சோறு, முட்டை, பால்பவுடர் சேர்த்த கேழ்வரகு. கொஞ்சமாகத் தின்றாலும் உடம்பில் நிற்க வேண்டும். “ஒண்ணு எடுப்பா. மெல்லு. இன்னும் மெல்லு. தண்ணி குடி,” என்று குரல் சொல்லச் சொல்ல அவர் சாப்பிட்டார். பெல்ட்டை ஓர் ஓட்டை தளர்த்திப் போட வேண்டியிருந்தது. அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் கருவியை வைத்துத் துடைத்தாள். அதற்குப் பெயரும் வந்தது. பாப்பா.

அந்த வீட்டில் அதுவரை பாப்பா என்று கூப்பிட்டது ஒருத்தியைத்தான்.

*

வெயிலுக்குப் பயந்து பள்ளிக்கூடங்களை விடிகாலையில் திறந்து முற்பகலிலேயே மூடுகிற காலம் அது. அதனால் மத்தியானச் சாப்பாடு தூரிகாவின் பொறுப்பு. உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கிவிட்டு எதிரில் உட்காருவாள். பேச்செல்லாம் அப்பாவுக்கும் பாப்பாவுக்கும் நடுவில்தான்.

“பாப்பா, இன்னிக்கி ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“பாட்டுப்பா. நீ ஒரு வாய் சாப்டு, பாடறேன்.”

“யாராச்சும் அடிச்சாங்களா சாமி? சொல்லு, அப்பன் வந்து கேக்கறேன்.”

“யாரும் அடிக்கலப்பா. மெல்லு.”

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார். தூரிகா அந்தச் சிரிப்பை எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. அவள் பக்கம் திரும்பினால் அது அணைந்துவிடும். “நீங்க சாப்டீங்களா டீச்சர்?” என்று கேட்பார். அந்த ‘நீங்க’ அவளுக்கு நெருப்பாகச் சுட்டது.

அந்தக் குட்டிக்கு எல்லாம் வாய்த்திருந்தது. அவளுக்கு வயசே ஆகாது. கணக்கில் ஃபெயிலாக மாட்டாள். அப்பாவின் வண்டியில் ஏறிப் பள்ளிக்குப் போவதற்கு வெட்கப்பட மாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு “என்னத் தனியா விடுங்க” என்று கத்த மாட்டாள். அப்பாவுக்குப் பிடிக்காத ஒன்றையும் செய்வதற்குள் அவளை ஆறு வயசில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். யாரைக் கண்டு வயிறு எரிகிறது என்று யாராவது கேட்டால் தூரிகா தன் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “அப்பா, நாந்தான் பாப்பா,” என்றாள்.

அவர் உற்றுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் கருவியின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பாப்பா, இந்தப் பொண்ணு உன்ற பேரச் சொல்லீட்டு வந்து உக்காந்திருக்குது. எனக்கென்னமோ செரியாப் படுல. சூதானமா இருந்துக்க சாமி.”

“செரிப்பா,” என்றாள் பாப்பா.

தூரிகா கையை நீட்டித் திருகைத் திருகினாள். யோசித்துச் செய்யவில்லை. கன்னத்தில் அறைகிற மாதிரி ஒரு வேகம்.

சத்தம் நின்றது. பேசிக்கொண்டிருப்பதாகவே கருவி நினைத்துக்கொண்டது. அப்பா காத்திருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தூரிகா ஓர் உருண்டையை எடுத்து நீட்டினாள்.

“சங்கு ஊதிருச்சுங்கப்பா.”

“இல்லீங்க. இன்னும் ஊதுல.”

“ஊதிருச்சுப்பா, எனக்குக் கேட்டுச்சு.”

“உங்களுக்குக் கேட்ருக்கும். பாப்பாவுக்குக் கேக்குலீங்களே.”

சோறு ஆறிப்போனது. தட்டு குறையாவிட்டால் அம்மாவின் கைபேசி அலறும், லைன் இன்சார்ஜ் முறைப்பார், அம்மா போட்டது போட்டபடி ஓடி வருவாள், திருகைப் பார்ப்பாள். தூரிகா ஓர் உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டாள். அப்புறம் இன்னொன்று. எதிரில் உட்கார்ந்து அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியானது. திருகைப் பழையபடி வைத்தாள். சாயங்காலம் அம்மா வந்ததும் வராததுமாக அவரைக் கட்டிக்கொண்டு, “பூராவும் சாப்ட்டீங்களாமே! என்ற தங்கம்!” என்றாள்.

மறுநாள் அப்படிச் செய்யக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் கை தானாகத் திருகுக்குப் போய்ச் சத்தத்தை அடைத்தது. அப்போது அப்பா அவளை நேராகப் பார்த்து, “பசிக்குதுங்க,” என்றார். அவளைப் பார்த்து! நோய் வந்த பிறகு அவர் தனக்கென்று அவளிடம் கேட்ட முதல் விஷயம் அது. பதறிப்போய் உருண்டையை நீட்டினாள். வாயைத் திறந்தார். வாங்கிக்கொண்டார். அவள் கையிலிருந்து. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த உருண்டைக்கு வாய் திறக்கவில்லை.

அந்த ஒரு வாய்தான் அவளைக் கெடுத்தது. இன்னும் கொஞ்சம் பசித்தால் என்னிடம்தானே வருவார் என்று மனசு கணக்குப் போட்டது. காலையிலும் இரவிலும் அம்மா பக்கத்தில் இருக்கப் பாப்பா ஊட்டிக்கொள்ளட்டும். மத்தியானம் மட்டும் என்னுடையது. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று அந்த இரண்டாவது வாய்க்காக அவள் காத்திருந்தாள். காத்திருந்த நாளெல்லாம் தட்டை அவளே காலி செய்தாள்.

மாசத்துக்கு ஒருமுறை எடை பார்க்க வரும் ரெஹானா, “கொறையுதே... நடை ஜாஸ்தியா இருக்கும். நெய் இன்னொரு கரண்டி விடுங்கக்கா,” என்றாள். அந்த நெய்யும் தூரிகாவுக்குள் போனது. பள்ளிச் சீருடை பக்கவாட்டில் பிடித்தது. அம்மா தையலைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்தாள். “அப்பன் எளைக்கறான், மக பெருக்கறா. என்னடி பூங்கொடி, ஒரு பக்கமாவே பந்தி வெக்கறயா?” என்று கீழ்வீட்டு அத்தை கிண்டல் செய்தாள். அம்மா சிரித்தாள். தூரிகாவும் சிரித்தாள். அன்றைக்குக் குளிக்கும்போது தன் வயிற்றைப் பார்க்காமல் குளித்தாள்.

*

அவர் விழுந்த அன்று, பூங்கொடி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே ஓடி வந்தாள். பின்னாலேயே ரெஹானா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். நாடி பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து, இல்லாத துணியைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். ரெஹானா தன் டேப்லெட்டில் தட்டின் கணக்கை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“எனக்குப் புரியலைங்கக்கா. காலையிலயும் நைட்டும் சுமாராத்தான் சாப்பிடறாரு. ஆனா மத்தியானம் ஒரு பருக்கை மிச்சம் இல்ல. இத்தன சாப்ட்டும் ஒடம்புல ஒட்டலைன்னா உள்ள வேற ஏதோ இருக்குது. நாளைக்கே பெரியாஸ்பத்திரில சேத்திரலாம். கொடலுக்குள்ள கேமரா உட்டுப் பாப்பாங்க.”

“அது வரைக்கும் சோறு?”

“மூக்கு வழியா கொழாய் போட்ருவாங்க.”

“அவரு புடுங்கி வீசிருவாரே கண்ணு.”

ரெஹானா டேப்லெட்டை மூடினாள். “கையக் கட்டி வெப்பாங்கக்கா.”

பூங்கொடி கணவரின் கையைப் பார்த்தாள். அது காற்றில் ஒரு கழுத்து வளைவை அழகாக வெட்டிக்கொண்டிருந்தது. “நாள் முச்சூடும் வேல செய்யற கையி,” என்றாள். “கட்டிப் போட்டா அவரு இருக்க மாட்டாரு கண்ணு.”

“சாப்பிடாம எளைச்சிருந்தா இங்கயே தேத்திரலாம். சாப்ட்டு எளைச்சா நான் என்னங்கக்கா பண்றது?”

கதவோரம் நின்ற தூரிகா எல்லாவற்றையும் கேட்டாள். ரெஹானா படியிறங்கியதும் பின்னாலேயே இறங்கினாள். ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அக்கா.”

“பயப்படாத. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அக்கா... அந்தத் தட்டு பொய் சொல்லுதுங்க்கா.”

“தட்டு எங்க பொய் சொல்லும்? சோறு இருந்தா கனக்கும், எடுத்தா கொறையும்.”

“எடுத்தது அவரில்லீங்க்கா.”

ரெஹானா ஹெல்மெட்டைப் பாதி போட்டவள் அப்படியே நின்றாள். “பின்ன அந்தச் சோறெல்லாம் எங்க போச்சு?”

தூரிகா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

ரெஹானாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. குழந்தைத்தனமாக என்னவோ சொல்கிறாள் என்று. அப்புறம் அந்தச் சீருடையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“எதுக்குடி?”

“எனக்கு அவளக் கண்டா ஆகலீங்க்கா.”

“எவள?”

“பாப்பாவ.”

“லூசு. அது நீதாண்டி!”

“நானில்லீங்க்கா.” அவளுக்கு விக்கி விக்கி வந்தது. “நானா இருந்தா என்ற கையில சாப்ட்ருப்பாரில்ல? அவ கேட்டா வாயத் தொறக்கறாரு. நாங்கேட்டா டீச்சருங்கறாரு. கொஞ்சம் பசிச்சா எங்கிட்ட வருவாருன்னு... ஒருநா வந்தாருங்க்கா. சத்தியமா ஒரு வாய் வாங்குனாரு.”

ரெஹானா ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர்மேல் வைத்தாள். திட்டப் போகிறாள் என்று தூரிகா தோளைக் குறுக்கிக்கொண்டாள். “உங்கம்மாகிட்ட நாஞ்சொல்லட்டுமா, நீ சொல்றியா?” என்றுதான் அவள் கேட்டாள்.

“நானே சொல்றேன்.”

“போ. நான் இங்கதான் நிப்பேன்.”

*

பூங்கொடி அடிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கழுவி வைத்திருந்த நீலத் தட்டை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

“எப்ப இருந்து?”

“அரைப்பரீட்ச லீவுல இருந்தும்மா.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “நடுச்சாமத்துல எந்திரிச்சு எந்திரிச்சுப் பசிக்குதும்பாரு. நோவுல பொலம்பறாருன்னு தட்டிக் குடுத்துப் படுக்க வெச்சேன்.” குழாயை மூடினாள். “தட்டிக் குடுத்தேன்டி, தூரி.”

“அம்மா...”

“என்ற கொரலயும் அன்னிக்கிப் போட்டாங்க. எச்சி ஊறுல. இத்தன வருசம் ஆக்கிப் போட்ட கொரலு அது. எனக்கு வலிக்காதா? அந்த மெசினத் தூக்கி வீசோணும்னு எனக்குந்தான் தோணும். வீசிட்டனா? தொடச்சு வெக்கறேன்ல?”

தூரிகா அம்மாவின் முந்தானையைத் தொடப்போனாள். பூங்கொடி விலகிக்கொண்டாள். அன்று இரவு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அப்பா மட்டும் சாப்பிட்டார். பாப்பா பாட்டுப் பாடிச் சாப்பிட வைத்தாள்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ரெஹானா தன் பொறுப்பில் எழுதிக்கொடுத்தாள். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்தாள். ஒரேயடியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்றாள். பூங்கொடி கம்பெனியில் லீவு சொன்னாள். தூரிகாவுக்கு வேறு இடம் போட்டார்கள்.

“நீ அவரு கண்ணுக்குத் தெரியற மாதிரி உக்காரக் கூடாது,” என்றாள் ரெஹானா. “நேத்து நீ உள்ள வந்ததும் வாய மூடிக்கிட்டாரு, பாத்தியா? பட்டினிக்கு உன்ற மூஞ்சிதான்னு அவருக்குள்ள பதிஞ்சு போச்சு. யாருன்னு மறந்துருவாரு. பயத்த மட்டும் மறக்க மாட்டாரு.”

“எவ்ளோ நாளைக்குங்க்கா?”

“தெரியல. ஆனா உனக்கு வேலை இருக்குது.” ஒலிவாங்கியோடு காதில் மாட்டுகிற சின்ன இயர்போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். “அவரு இப்ப நெம்பப் பேசறாரு. கேள்வியாக் கேக்கறாரு. கருவிக்குத் தெரியாத பழசக் கேட்டாலோ, வாக்குக் கேட்டாலோ, அதுவா இட்டுக்கட்டிச் சொல்லக் கூடாதுன்னு சட்டம். குடும்பத்துல ஒருத்தரக் கேட்டுத்தான் சொல்லோணும். பாப்பாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் யாருக்குத் தெரியும்? உனக்குத்தான். அடுக்களையில இருந்து நீ மெதுவாச் சொன்னா, அவ கொரல்ல அவருக்குப் போய்ச் சேரும்.”

“இது தண்டனைங்களா?”

“இல்ல. உங்கப்பா சாப்பிடோணும். அவ்வளவுதான்.”

அடுக்களைத் திரைக்குப் பின்னால், அரிசி டின்மேல் தூரிகா உட்கார்ந்தாள். துணியின் நெருக்கமில்லாத நெசவு வழியாகக் கூடம் மங்கலாகத் தெரிந்தது.

“பாப்பா, நம்ம வளத்துனமே ஒரு நாய்க்குட்டி. அதுக்கென்ன பேரு?”

கருவியில் மஞ்சள் விளக்கு மினுங்கியது. தூரிகாவின் காதுக்குள், வயசோ ஆண்பெண்ணோ தெரியாத ஒரு குரல் கேட்டது: “பதில் வேண்டும்.”

“பொட்டலம்,” என்று முணுமுணுத்தாள்.

“பொட்டலம்ப்பா!” என்றாள் பாப்பா.

அப்பா உடம்பு குலுங்கச் சிரித்தார். “ஆமா, பொட்டலம்! காயிதத்துல சுத்திட்டு வந்தமே!” என்று உருண்டையை எடுத்து வாயில் போட்டார். அவள் தன் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்த சிரிப்பை அந்தக் குட்டி கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனாள். தூரிகா திரையின் நுனியைக் கசக்கினாள். எரிந்தது. எரிந்தாலும் அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னாள். மழைக்கு ஒதுங்கிய பேக்கரி, வண்டி முன்னால் வைத்த குட்டி சீட், கட்டிங் மேசைக்கு அடியில் தூங்கிய மத்தியானம் என்று அவர் கேட்கக் கேட்க, மறந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்தது. சொல்லச் சொல்லப் பாப்பா வளர்ந்தாள். அப்பாவும் கொஞ்சம் தேறினார். கழுத்தெலும்புக் குழி தூர்ந்தது. அம்மா தூரிகாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

மாசக் கடைசியில் ரெஹானா எடை பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய மறுநாள், மத்தியானம். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தட்டுவரைக்கும் வந்திருந்தது. அப்பா நெய்ச்சோற்று உருண்டையை எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

“பாப்பா.”

“என்னப்பா?”

“நீயும் பெரிசாயிருவயில்ல?”

“ஆமாப்பா. சாப்டு.”

“பெரிசானதுக்கப்பறம்...” அவர் தேடினார். வார்த்தை கிடைக்கும்வரை விடவில்லை. “பெரிசானதுக்கப்பறம் அப்பனுக்குச் சோறு போடுவியா சாமி? பசியோட உட்ற மாட்டியே?”

மஞ்சள் விளக்கு மினுங்கியது. அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பூங்கொடியின் முதுகு அசையவில்லை; அவள் திரையின் பக்கம் திரும்பவும் இல்லை. தூரிகாவின் காதுக்குள் அந்தக் குரல் கேட்டது: “பதில் வேண்டும்.”

ஒரே வார்த்தைதான். சொல்லிவிட்டால் அவர் சாப்பிட்டுவிடுவார். தூரிகா வாயைத் திறந்தாள். அவருடைய சோற்றைத் தின்ற அதே வாய். எதுவும் வரவில்லை.

“பதில் வேண்டும்.”

உருகிய நெய் அப்பாவின் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு ஓடியது. அவர் துடைக்கவில்லை. உருண்டையை வாயருகே பிடித்தபடியே கருவியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

“சொல்லு சாமி. போடுவியா?”